அடுத்த கப்பல் வரை காத்திருக்கலாமா?

அந்தமான் நிக்கோபார் தீவுகளில், தெற்கே கேம்ப்பெல் பேயில் இருப்பவருக்குப் போர்ட் பிளேர் 500 கிலோமீட்டருக்கும் மேல். நடுவில் உள்ள தீவுகளைத் தொட்டுத் தொட்டு வரும் கப்பலில் ஏறினால் ஒரு பகல், ஓர் இரவு, சில சமயம் இன்னொரு பகலும் ஆகும். சென்னைக்குப் போக வேண்டுமென்றால் போர்ட் பிளேரின் ஹேடோ துறையிலிருந்து மறுபடி மூன்று நாள் கடல். விமானத்தில் இரண்டரை மணி நேரம்தான். ஆனால் துணைக்கு வருபவருக்கும் சேர்த்து டிக்கெட் போட வேண்டும். வடக்கே திக்லிபூர்க்காரருக்குச் சாலை இருக்கிறது. 300 கிலோமீட்டர் சாலை. வழியில் ஜாரவா பழங்குடியினரின் காப்புக்காட்டுக்குள் குறித்த நேரத்தில், வரிசை கட்டி, காவலோடுதான் வண்டிகள் போக முடியும்.

இப்படி வாழ்ந்து பழகியவர்கள் நோயையும் கப்பல் அட்டவணையில்தான் எழுதிவைக்கிறார்கள். பல்வலியா, அடுத்த மாதம் போர்ட் பிளேர் போகும்போது பார்த்துக்கொள்ளலாம். கண்ணில் புரையா, பிள்ளைகளின் பரீட்சை முடியட்டும். குளிக்கும்போது மார்பில் ஏதோ தட்டுப்படுகிறதா? வலிக்கவில்லையே, அதுவும் அந்த வரிசையிலேயே போய் நிற்கட்டும்.

இதில் ஒரு விபரீதம் உண்டு. மார்பில் வரும் தொந்தரவுகளில் பெரும்பாலானவை புற்றுநோய் இல்லை. தீவிலேயே, ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே, முடித்துக்கொள்ளக் கூடியவை. ஆனால் அவற்றில் பலதான் வலிக்கும், காய்ச்சல் வரும், ராத்திரி தூக்கத்தைக் கெடுக்கும். உண்மையிலேயே ஓட வேண்டிய ஒன்றோ, பெரும்பாலும் வலிக்காது. பயப்பட வேண்டாததற்குப் பயந்து, பயப்பட வேண்டியதைத் தள்ளிப்போடுகிறோம்.

உலக சுகாதார நிறுவனம் 2021-ல் தொடங்கிய மார்பகப் புற்றுநோய் முன்னெடுப்பில் ஒரு கெடு இருக்கிறது: ஒரு பெண் முதல்முறை மருத்துவரிடம் போய்ச் சொன்ன நாளிலிருந்து 60 நாளுக்குள் அது என்ன என்று முடிவாகத் தெரிந்துவிட வேண்டும். டெல்லியிலும் சென்னையிலும் 60 நாள் தாராளம். மே மாதம் தொடங்கி டிசம்பர் வரை இரண்டு பருவமழையும் மாறி மாறி அடிக்கும் தீவில், புயல் எச்சரிக்கைக்கு ஒரு கப்பல் ரத்தாகிவிட்டால், அந்த 60 நாளில் பாதி எங்கே போனது என்றே தெரியாது. ஆகவே தீவுப் பெண்ணுக்கு முதலில் தெரிய வேண்டியது, எது காத்திருக்கும், எது காத்திருக்காது என்கிற பிரிப்பு.

வலி

பெண்களில் மூன்றில் இரண்டு பேருக்காவது வாழ்நாளில் ஒருமுறை மார்பு வலி வந்துவிடும். மாதவிலக்குக்கு ஒரு வாரம், பத்து நாள் முன்பு இரண்டு பக்கமும் கனத்து, தொட்டாலே வலித்து, விலக்கு வந்ததும் வடிந்துவிட்டால் அது ஹார்மோன் விளையாட்டு. மூன்று மாதம் காலண்டரில் வலித்த நாளை வட்டம் போட்டு வைத்துக்கொண்டு டாக்டரிடம் காட்டினால், பாதி நோயறிதல் அங்கேயே முடிந்துவிடும். அளவு சரியாக இருக்கும் உள்ளாடை, தேவைப்பட்டால் வலிநிவாரணி ஜெல், இவையே பலருக்குப் போதும். ஈவினிங் பிரிம்ரோஸ் எண்ணெய் மாத்திரையை எழுதித் தருபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஆய்வுகளில் அது வெற்று மாத்திரையைவிடப் பெரிதாக எதையும் சாதிக்கவில்லை. அந்தக் காசுக்கு நல்ல உள்ளாடை வாங்கலாம்.

கட்டி இல்லாமல் வலி மட்டும் இருப்பது புற்றுநோயாக இருக்கும் வாய்ப்பு மிகக் குறைவு. ஒரே இடத்தில், ஒரு பக்கம் மட்டும், மாதவிலக்கோடு சம்பந்தமில்லாமல் நீடிக்கும் வலியை மட்டும் காட்டிவிடுவது நல்லது. கனம் தூக்குபவர்களுக்கு அது பல நேரம் மார்பிலிருந்து வருவதே இல்லை. விலா எலும்பும் நெஞ்சுத் தசையும் செய்யும் வேலை.

நழுவும் கட்டி, நீர்க்கட்டி

பதினைந்து வயதிலிருந்து முப்பத்தைந்துக்குள் வரும் கட்டிகளில் முதலிடம் ஃபைப்ரோஅடினோமாவுக்கு. வழவழப்பாக, வலியில்லாமல், விரலை வைத்தால் கோலிக்குண்டு போல நழுவி ஓடும். இது புற்றாக மாறும் என்று பயந்து கல்லூரிப் பெண்ணின் கல்யாணத்துக்கு முன்பே அவசர அவசரமாக அறுத்து எடுக்கச் சொல்லும் பெற்றோர் உண்டு. அவசியமில்லை. ஸ்கேனும் தேவைப்பட்டால் ஊசிப் பரிசோதனையும் ‘இதுதான்’ என்று உறுதிசெய்துவிட்டால், பார்த்துக்கொண்டே இருக்கலாம். சில தானாகவே சுருங்கும். வேகமாக வளர்ந்தால், மூன்று சென்டிமீட்டரைத் தாண்டினால், அல்லது அந்தப் பெண்ணே எடுத்துவிடலாம் என்று விரும்பினால் எடுக்கலாம்.

முப்பத்தைந்துக்கு மேல் மாதவிலக்கு நிற்கும் காலம் வரை நீர்க்கட்டிகள் அதிகம். ஸ்கேனில் உள்ளே தண்ணீர் மட்டுமே இருப்பது தெரிந்தால் கவலையில்லை. வலித்தால் ஊசியில் உறிஞ்சிவிடுவார்கள். கர்ப்ப காலத்தில் அக்குளில் திடீரென்று புடைத்து வலிப்பது, பிறவியிலேயே அங்கே ஒதுங்கிவிட்ட மார்பகத் திசுவாக இருக்கலாம். ஒருமுறை காட்டி உறுதிசெய்துகொண்டால் போதும்.

பால் கட்டிக்கொண்டால்

பிரசவமான வீட்டில் இதற்கு வைத்தியம் சொல்லாத ஆள் கிடையாது. மார்பு கல்லாகிவிட்டது, சிவந்திருக்கிறது, குளிர்க்காய்ச்சல் அடிக்கிறது. உடனே சுடுதண்ணீர் ஒத்தடம், அழுத்தித் தேய்ப்பது, வலியில் அந்தப் பெண் கத்தக் கத்தப் பிழிந்து காலி செய்வது. நம் பாட்டிகள் மட்டுமல்ல, மருத்துவப் புத்தகங்களும் வெகுகாலம் இதைத்தான் சொல்லின.

2022-ல் தாய்ப்பால் மருத்துவர்களின் சர்வதேச அமைப்பு தன் வழிகாட்டுதலைத் தலைகீழாக மாற்றியது. பால்குழாயில் ஏதோ அடைத்துக்கொண்டிருக்கிறது, பிதுக்கினால் வெளியே வந்துவிடும் என்பது தப்புக்கணக்கு. குழாயைச் சுற்றியுள்ள திசு வீங்கித்தான் குழாயை நெருக்குகிறது. அதைத் தேய்த்தால் வீக்கம் கூடும். பம்ப் வைத்து மேலும் மேலும் எடுத்தால், குழந்தைக்கு இன்னும் பால் வேண்டும் என்று நினைத்து உடம்பு இன்னும் சுரக்கும். ஆக, செய்ய வேண்டியது இவ்வளவுதான்: குழந்தை கேட்கும்போது வழக்கம் போலக் கொடுப்பது, இடையில் குளிர்ந்த ஒத்தடம், டாக்டர் சொல்லும் பாராசிட்டமாலோ ஐபுபுரூஃபெனோ, ஓய்வு. அந்தப் பக்கப் பால் கெட்டுப்போனது, குழந்தைக்கு ஆகாது என்று நிறுத்த வேண்டியதில்லை. நிறுத்தினால்தான் கட்டு இறுகும்.

ஒரு நாள் முழுக்க ஆன பிறகும் காய்ச்சல் இறங்கவில்லை என்றால் ஆன்டிபயாட்டிக். அதற்கும் மசியாமல் ஓரிடம் மெத்தென்று பழுத்து விண்விண்ணென்று தெறித்தால் சீழ் பிடித்துவிட்டது என்று பொருள். முன்பு மயக்கம் கொடுத்துக் கீறினார்கள். இப்போது முதலில் ஸ்கேன் பார்த்தபடி ஊசியில் உறிஞ்சுவதுதான் வழக்கம். வேண்டுமானால் இரண்டு மூன்று முறை. வடுவும் குறைவு, பாலூட்டுவதும் தடைபடாது. எங்கே ஸ்கேன் இருக்கிறதோ அங்கே நேரடியாகப் போய்விடுங்கள். சர்க்கரை உள்ளவர்கள் ஒரு நாள்கூடத் தள்ளக் கூடாது.

பாட்டி வைத்தியத்தை மொத்தமாகத் தள்ளிவிட்டதாக நினைக்க வேண்டாம். குழந்தை தங்காமல் போய், பாலை வற்றவைக்க வேண்டிய தாய்மாருக்கு மார்பில் மல்லிகைச் சரத்தை வைத்துக் கட்டுவது நம் ஊர்ப் பழக்கம். வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் அதையே புரோமோகிரிப்டின் மாத்திரையோடு ஒப்பிட்டுச் சோதித்து 1988-ல் வெளியிட்டார்கள். பாலைச் சுரக்கவைக்கும் புரோலாக்டின் ஹார்மோனை ரத்தத்தில் குறைப்பதில் மாத்திரை முந்தியது. ஆனால் கட்டும் வலியும் பாலும் குறைவதில் மல்லிகை சரிக்குச் சரி நின்றது. தொடர்ந்து பால் கொடுக்க நினைப்பவர் மல்லிகையை மார்பில் கட்டாமல் தலையில் வைத்துக்கொள்வதே நல்லது.

மழையும் ஈர ஜாக்கெட்டும்

அந்தமானில் மார்பு சம்பந்தமாக எந்தப் பெண்ணுக்கும் வரக்கூடிய தொந்தரவு எது என்றால், மார்புக்கு அடியில் மடிப்பில் வரும் பூஞ்சைப் புண்ணையும் தயங்காமல் சேர்ப்பேன். ஆண்டுக்கு எட்டு மாதம் மழை, காற்றிலேயே தண்ணீர். காலையில் போட்ட ஜாக்கெட் வேர்வையில் நனைந்து உடம்பிலேயே காய்கிறது. துவைத்த உள்ளாடை கொடியில் இரண்டு நாள் தொங்கியும் ஈரம் போகாமல், அப்படியே எடுத்துப் போட்டுக்கொள்கிறார்கள். விளைவு: மடிப்பு முழுக்கச் சிவப்பு, எரிச்சல், ஓரத்தில் சின்னச் சின்னப் பொரி, ஒரு மாதிரி வாடை.

இதைக் கணவரிடம்கூடச் சொல்லாமல், மருந்துக்கடையில் ‘அரிப்புக்கு ஒரு ட்யூப்’ என்று வாங்கி வந்துவிடுவார்கள். கடைக்காரர் எடுத்துக் கொடுப்பது பல நேரம் ஸ்டீராய்டு, ஆன்டிபயாட்டிக், பூஞ்சை மருந்து மூன்றும் கலந்த கிரீம். போட்ட ராத்திரியே எரிச்சல் அடங்கும். நிறுத்திய வாரத்தில் இரண்டு மடங்காகத் திரும்பும். தோல் மெலிந்து வரி வரியாகக் கோடு விழும். இந்தியா முழுக்கத் தோல் பூஞ்சை இன்று எந்த மருந்துக்கும் அடங்காமல் திமிறுவதில் இந்தக் கலவைக் கிரீம்களுக்குப் பெரிய பங்கு இருக்கிறது. வாங்கும் ட்யூபில் ‘குளோபெட்டசால்’, ‘பீட்டாமெத்தசோன்’ என்று இருந்தால் திருப்பிக் கொடுங்கள். வெறும் குளோட்ரிமசோல் கிரீமைப் புண் மறைந்த பிறகும் ஓரிரு வாரம் தொடர்ந்து போட்டால் பெரும்பாலும் போய்விடும். குளித்ததும் மடிப்பை ஒற்றித் துடைத்து ஃபேன் காற்றில் உலரவிட்டு, வெயில் இல்லாத நாளில் உள்ளாடைக்கு இஸ்திரி போட்டு உடுத்தினால் பாதி மருந்து மிச்சம். அடிக்கடி திரும்பி வந்தால் ரத்தத்தில் சர்க்கரை பாருங்கள்.

மடிப்பில் இரு பக்கமும் வருவது பூஞ்சை. ஒரே ஒரு காம்பில் மட்டும் செதில் செதிலாக உரிந்து, கசிந்து, கிரீமுக்கு ஆறாமல் இருப்பது வேறு விஷயம். அதைத் தோல் நோய் என்று மாதக்கணக்கில் வளர்த்துவிடக் கூடாது. உள்ளே இருக்கும் புற்று காம்பு வழியாக வெளியே காட்டும் முகமாக அது இருக்கலாம். பேஜெட் நோய் என்பார்கள்.

காத்திருக்காதவை

காம்பில் நீர் வடிவதிலும் இப்படி ஒரு பிரிப்பு உண்டு. பிதுக்கினால் இரண்டு பக்கமும் பச்சையாகவோ பாலாகவோ வருகிறது என்றால் பெரும்பாலும் கெடுதல் இல்லை. தைராய்டு கோளாறும், வாந்திக்கும் மனநலத்துக்கும் தரும் சில மாத்திரைகளும்கூடப் பாலை வரவழைக்கும். பிதுக்காமலேயே, ஒரே பக்கம், ஒரே துளையிலிருந்து ரத்தமாகவோ தெளிந்த நீராகவோ கசிந்து உள்ளாடையில் கறை பட்டால் காட்டியே ஆக வேண்டும்.

அதே பட்டியலில் இவையும்: கெட்டியாக, ஓரம் சரியாகத் தெரியாமல், நகராமல் இருக்கும் கட்டி. கையைத் தூக்கும்போது தோலில் விழும் குழி. புதிதாக உள்ளே இழுத்துக்கொண்ட காம்பு (சிறுவயதிலிருந்தே அப்படி இருப்பது பரவாயில்லை). ஆரஞ்சுப் பழத் தோல் போலத் துவாரம் துவாரமாகத் தடித்த தோல். அக்குளில் நெறி கட்டி, காரணமில்லாமல் நீடிப்பது. ஆன்டிபயாட்டிக் முடிந்த பிறகும் அடங்காத சிவந்த வீக்கம், அதிலும் பால் கொடுக்காத பெண்ணுக்கு. கடைசியாகச் சொன்னது காசநோயாகவோ, கிரானுலோமட்டஸ் மாஸ்டைட்டிஸ் என்னும் பிடிவாதமான அழற்சியாகவோ இருக்கவும் கூடும். திசு எடுத்துப் பார்க்காமல் யாராலும் சொல்ல முடியாது.

வயது ஒரு சமாதானம் ஆகாது. மேலை நாடுகளைவிட இந்தியப் பெண்களுக்கு இந்த நோய் ஏறக்குறையப் பத்து ஆண்டு முன்பாகவே வருகிறது. 2022-ம் ஆண்டுக்கான உலகப் புற்றுநோய் மதிப்பீட்டின்படி இந்தியாவில் ஓர் ஆண்டில் புதிதாக 1.92 லட்சம் பேர். இறந்தவர்கள் 98 ஆயிரத்துக்கும் மேல். நூற்றில் ஒருவர் ஆணாகவும் இருக்கலாம். பதின்வயதுப் பையன்களுக்குக் காம்புக்கு அடியில் வரும் வலியுள்ள கட்டி பெரும்பாலும் ஓரிரு ஆண்டில் கரைந்துவிடும். அறுபது வயதுக்காரருக்கு வரும் கட்டி அப்படியல்ல.

யார் கை பார்க்க வேண்டும்?

மாதாமாதம் கண்ணாடி முன் நின்று சுயபரிசோதனை செய்யுங்கள் என்று நாம் எழுதாத மகளிர் தினச் சிறப்பிதழ் இல்லை. ஷாங்காய் ஜவுளி ஆலைகளில் 2.66 லட்சம் பெண்களை வைத்து இதைச் சோதித்து, 2002-ல் முடிவு சொன்னார்கள்: முறையாகக் கற்றுக்கொண்டு செய்த பெண்களிடம் இறப்பு குறையவில்லை, தேவையில்லாத பயாப்ஸிதான் கூடியது. சடங்காகச் செய்வதால் பலன் இல்லை என்பதே இதன் பொருள். தன் மார்பு சாதாரணமாக எப்படி இருக்கும் என்று சோப்புக் கையோடு குளிக்கும்போது அறிந்துவைத்திருப்பதும், அது மாறினால் வாய் திறப்பதும் வேறு. அது வேண்டும்.

இன்னொரு ஆய்வு மும்பையிலிருந்து. தீவுகளுக்கென்றே செய்ததோ என்று தோன்றும். டாடா மெமோரியல் 1998-ல் குடிசைப் பகுதிகளில் தொடங்கி, 35 முதல் 64 வயது வரையிலான ஒன்றரை லட்சம் பெண்களை 20 ஆண்டு பின்தொடர்ந்தது. ஒரு பாதிக்கு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மார்பைக் கையால் பரிசோதித்தார்கள். மேமோகிராம் இல்லை, டாக்டரும் இல்லை. பயிற்சி பெற்ற பெண் சுகாதாரப் பணியாளர்கள். 2021-ல் வெளியான முடிவில், அந்தப் பெண்களிடம் நோய் முன்கூட்டியே பிடிபட்டிருந்தது. 50 வயதைத் தாண்டியவர்களிடம் மார்பகப் புற்றால் இறந்தவர்கள் சுமார் 30 சதவீதம் குறைவு. எல்லா வயதையும் சேர்த்துப் பார்த்தபோது வித்தியாசம் உறுதியாகச் சொல்லும் அளவுக்கு இல்லை என்பதையும் மறைக்காமல் எழுதினார்கள்.

கச்சால், ஹட் பே போன்ற தீவு ஊர்களுக்குப் பெரிய இயந்திரம் வரும் வரை காத்திருக்க வேண்டாம். அங்கே ஏற்கெனவே இருக்கும் நர்ஸின் விரல்கள் போதும் என்பது இதற்கு அர்த்தம். 30 வயதைத் தாண்டிய பெண்களுக்கு ஐந்தாண்டுக்கு ஒருமுறை மார்புப் பரிசோதனை என்பது தேசியத் திட்டத்திலேயே இருக்கிறது. துணை சுகாதார மையத்தில் பிபி பார்க்கப் போகும்போது, ‘சிஸ்டர், இதையும் பார்த்துடுங்க’ என்று கேட்டுப் பெறலாம்.

கேட்பதுதான் கஷ்டம். 2011 கணக்குப்படி தீவுகளின் 3.8 லட்சம் மக்களில் சுமார் 15 சதவீதம் பேர் தமிழ் பேசுபவர்கள். கச்சால் ரப்பர் தோட்டத்துக்கு இலங்கையிலிருந்து வந்து குடியேறிய குடும்பங்களும் அதில் அடக்கம். மீன் பேரம் பேசவும் பஸ் டிக்கெட் எடுக்கவும் போதுமான இந்தி, ஆண் டாக்டர் முன்னால் மாராப்பைப் பிடித்துக்கொண்டு உட்காரும்போது கைவிட்டுவிடுகிறது. பக்கத்தில் கணவர் மொழிபெயர்க்கிறார். கட்டி இந்தியில் ‘தர்த்’ (வலி) ஆகிவிடுகிறது. வலி மாத்திரையோடு திரும்புகிறார்கள். பெண் மருத்துவரையோ, பரிசோதிக்கும்போது கூட ஒரு நர்ஸையோ கேட்பது நோயாளியின் உரிமை. சென்னையிலிருந்து கடலடியில் 2,300 கிலோமீட்டர் ஓடும் ஃபைபர் கேபிள் 2020 ஆகஸ்டில் இயங்கத் தொடங்கிய பிறகு, வீடியோவில் தமிழ் டாக்டரிடம் பேசுவதும் நடக்காத காரியமில்லை. ஆனால் கட்டியை வீடியோவில் தொட்டுப் பார்க்க முடியாது.

மூன்று பரிசோதனை, ஓர் எண்

போர்ட் பிளேருக்கு 2024-ல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் வைத்தாயிற்று, ஜி.பி. பந்த் மருத்துவமனையின் பெயர் மாறவில்லை. செல்லுலார் சிறை வளாகத்திலேயே 1963 முதல் இயங்குகிறது இந்த ஆஸ்பத்திரி. தெற்கிலிருந்தும் வடக்கிலிருந்தும் பரிந்துரைச் சீட்டோடு வருபவர்கள் வந்து சேரும் இடம் அதுதான்.

கட்டி எதுவானாலும் பார்க்க வேண்டியது மூன்று: கையால் பரிசோதனை, படம், தேவைப்பட்டால் திசு. இளம் பெண்களுக்கு அல்ட்ராசவுண்ட், நாற்பதை ஒட்டியோ தாண்டியோ இருந்தால் மேமோகிராமும். ரிப்போர்ட்டின் கடைசி வரியில் ‘பைராட்ஸ்’ என்று போட்டு ஓர் எண் இருக்கும். 1 என்றால் எதுவும் இல்லை. 2 என்றால் சாதாரணக் கட்டி. 3 என்றால் புற்றாக இருக்கும் வாய்ப்பு நூற்றில் இரண்டுக்கும் கீழே. ஆறு மாதம் கழித்து மறுபடி பார்க்கச் சொல்வார்கள், அறுவடையும் பரீட்சையும் முடித்துக்கொண்டே வரலாம். 4, 5 என்றால் பயாப்ஸி ஆகாமல் ஊர் திரும்பக் கூடாது. 0 என்றால் படம் போதவில்லை, இன்னொன்று எடுக்க வேண்டும். ‘பூஜ்யம், அப்போ ஒண்ணுமில்லை’ என்று சந்தோஷப்பட்டுக் கிளம்பிவிட வேண்டாம்.

ஊசி குத்தினால் புற்று பரவும் என்ற பேச்சைத் தீவிலும் கேட்கலாம், திருநெல்வேலியிலும் கேட்கலாம். பரவாது. கெடுதல் செய்வது வேறொன்று: ஊசிப் பரிசோதனை இல்லாமலே, ‘சின்னக் கட்டிதானே’ என்று எங்காவது அறுத்து எடுத்துவிட்டு, அப்புறம் ரிசல்ட் பார்த்துத் திடுக்கிடுவது. புற்று என்று முன்பே தெரிந்திருந்தால் சிலருக்கு முதலில் கீமோ கொடுத்துக் கட்டியைச் சுருக்கி, மார்பையே காப்பாற்றியிருக்கலாம். பாதியில் அறுத்த இடத்தை மறுபடி திறந்து ஓரங்களைத் தேடுவது அடுத்த சர்ஜனுக்குத் தலைவலி, நோயாளிக்கு இரண்டாவது அறுவை.

மெயின்லேண்ட் போக வேண்டியதானால், வெறும் ரிப்போர்ட்டோடு கிளம்பாதீர்கள். பயாப்ஸி செய்த இடத்தில் ஸ்லைடுகளையும் ‘பிளாக்’கையும் கேட்டு வாங்குங்கள். எடுத்த திசுவை மெழுகில் பதித்து வைத்திருக்கும் சின்னச் சதுரம் அது. சிகிச்சையைத் தீர்மானிக்கும் ஹார்மோன் ஏற்பிகளும் ஹெர்-2 புரதமும் இருக்கின்றனவா என்று அதிலிருந்தே சீவிப் பார்த்துவிடலாம். கையில் பிளாக் இல்லையென்றால் அங்கே போய் மறுபடி ஊசி, மறுபடி பத்து நாள் அறை வாடகை. வெயில் படாமல் டப்பாவில் வைத்துக் கைப்பையில் எடுத்துப் போங்கள். ஸ்கேன் படங்கள், சாப்பிடும் மாத்திரைச் சீட்டு, தீவுவாசிகளுக்கான அனிஷி காப்பீட்டு அட்டையோ ஆயுஷ்மான் அட்டையோ, பரிந்துரைக் கடிதம், எல்லாம் அதே பையில்.

அடையாறு புற்றுநோய் நிலையமோ வேலூரோ கொல்கத்தாவோ, முதல் நாளே கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. ஒரு காலத்தில் அறுவைக்குப் பின் ரேடியேஷன் என்றால் ஐந்து வாரம், திங்கள் முதல் வெள்ளி வரை. இப்போது மூன்று வாரத்தில், 15 தடவையில் முடிப்பது சாதாரணம். பிரிட்டனில் நாலாயிரம் பேருக்கு மேல் வைத்துச் செய்து 2020-ல் வெளியிட்ட ஆய்வில், ஒரே வாரத்தில் ஐந்து தடவை கொடுத்ததும் அதற்குச் சளைக்கவில்லை. எல்லோருக்கும் ஒத்துவராது, நெறிகளுக்கும் சேர்த்துக் கொடுக்க வேண்டியவர்களுக்குக் கணக்கு மாறும். பஸ்ஸில் வந்து போகிற சென்னைக்காரர் இதைக் கேட்காமல் இருந்துவிடலாம். லாட்ஜில் அறை எடுத்து, துணைக்கு ஒருவரை வைத்துக்கொண்டு, சின்னப் பிள்ளைகளை ஹட் பேயில் பக்கத்து வீட்டில் விட்டு வந்தவருக்கு ஐந்து வாரமா, மூன்றா, ஒன்றா என்பது சிகிச்சையை முடிக்கிறாரா, பாதியில் கிளம்புகிறாரா என்பதையே தீர்மானிக்கும். டாக்டர் நேரமில்லாதவராகத் தெரிந்தாலும் கேட்டுவிடுங்கள்.